கட்டத்துக்குள் கட்டம்

கிழவரின் கடைவாய்ப் பல் முதல் இழுப்பில் பாதியாக முறிந்தது. டாக்டர் லியூ கையிலிருந்த இடுக்கியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடியபோது சஃபியா அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உக்காருங்கம்மா. இவருக்கு வேர் மாட்டிக்கிட்டிருக்கு" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

நாகப்பட்டினத்தில் சீனப் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்பதே சஃபியாவுக்கு நேற்றுத்தான் தெரியும். அவளிடம் பிரெஞ்சில் விண்ணப்பம் எழுதி வாங்கிப் போக வந்த ஜோசெஃபின் அம்மாள் தன் கட்டுப் பல்லைக் கழற்றிக் காட்டி, "இது அந்தச் சீனாக்காரர் செஞ்சதுதான்" என்று சொல்லியிருந்தாள். இன்று காலை ஏழு மணிக்கு சஃபியா காரைக்காலில் பஸ் ஏறி, இறங்கின இடத்தில் விசாரித்து, நேராக இங்கே வந்திருந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தாள். பெரிய கட்டம் ஒன்று, அதற்குள் சின்னக் கட்டம் ஒன்று. பென்சிலால், நடுங்கி நடுங்கி, தாள் முழுக்க இதேதான். வாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் போன நாளிலிருந்து, பன்னிரண்டு நாளாக, உம்மா இடது கையால் எழுதுவது இது ஒன்றைத்தான். தாள் இல்லாதபோது போர்வையில் விரலால் எழுதினாள். சஃபியாவின் உள்ளங்கையைப் பிடித்து அதில் எழுதினாள். எழுதி முடித்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரியவில்லை என்று தெரிந்ததும் தொண்டையில் ஒரு சத்தம் வரும். மறுபடி எழுதுவாள்.

அண்ணன் முறையாகும் கபீர் நானா அதை ஜன்னல் என்றான். "காத்து வேணும்னு கேக்குறாங்க." ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். கபீரின் தாய் நபீசா, "வீடு வரையறா. வீட்டைக் கேக்குறா" என்றாள். இரண்டு நாள் கழித்து, "வீடில்ல, குழி. அவளுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் முதல் நாள் ராத்திரி, "மல்லாக்கவே கிடக்கட்டும், இப்ப அசைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது அந்தத் தாளைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்கணும்னு இல்லைம்மா. மூளையில ரத்தம் கட்டினா கை பாட்டுக்கு ஒண்ணையே செஞ்சுக்கிட்டிருக்கும்."

அர்த்தம் இருக்கிறது என்று சஃபியாவுக்குத் தெரியும். சைகோனில் இருந்தபோது உம்மா தன் தங்கைக்கு எழுதிய கடிதங்களில் இந்த எழுத்தை அவள் பார்த்திருக்கிறாள். படிக்கத்தான் தெரியாது. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம், வாப்பாவிடம் தமிழ். சீனத்தை மட்டும் வாப்பா வேண்டாமென்றுவிட்டார். "எத்தனை பாஷைதான் இந்தப் புள்ள தலையில ஏத்துவே?" உம்மா சிரித்துக்கொண்டு பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

கிழவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார். லியூ கைகழுவிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் ஒரு துளி ரத்தம்.

"சொல்லுங்க. மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"பல்லு இல்லைங்க. ஒரு எழுத்துக்கு அர்த்தம் தெரியணும்."

அவள் தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. முதலில் போய் அரைக்கதவுக்குப் பின்னாலிருந்த முழுக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை யார் குடுத்தா?"

"எங்கம்மா எழுதினது. சைகோன்ல பொறந்தவங்க. சீனாக்காரங்க."

"சர்க்கார்ல யாரும் அனுப்பலையே?"

"இல்லைங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. நான் பொறந்தது கும்பகோணம். ஆனா அறுபத்திரண்டு சீனா சண்டையப்ப எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ராஜஸ்தான் கேம்ப்ல அடைச்சு வச்சிருந்தாங்க. அவர் போர்டுல எழுதி வச்சிருந்த சீன எழுத்தையெல்லாம் நான்தான் பிளேடால சுரண்டினேன். அதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள சீன எழுத்தை யாரும் கொண்டுவந்ததில்லை."

இப்போது அவராகவே கை நீட்டி வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் இளகியது.

"முறையாப் படிச்சவங்க. இங்க பாருங்க, வெளிக்கட்டத்துக்கு மூணு பக்கம் போட்டுட்டு, உள் கட்டத்தை எழுதிட்டு, அப்புறம்தான் அடிக்கோட்டை இழுத்து மூடியிருக்காங்க. உள்ள வைக்க வேண்டியதை வச்சுட்டுத்தான் கதவைச் சாத்தணும்னு எங்கப்பா சொல்லிக் குடுப்பாரு. இடது கையா?"

"ஆமாங்க. வலது கை விழுந்திடுச்சு."

"ஹுவெய்" என்றார் அவர். "உங்கம்மா வேற மாதிரி சொல்லுவாங்க. எழுத்து ஒண்ணுதான்."

"என்ன அர்த்தம்?"

"திரும்பறது."

சஃபியா காத்திருந்தாள்.

"வீட்டுக்குத் திரும்பறது, ஊருக்குத் திரும்பறது. அதுதான் முதல் அர்த்தம். தலையைத் திருப்பிப் பாக்கறதுன்னாலும் இதே எழுத்துதான். உடம்பைத் திருப்பறதுக்கும் இது வரும். தமிழ்லயும் அப்படித்தானே? ஊருக்கும் திரும்பலாம், இந்தப் பக்கமும் திரும்பலாம்." அவர் சுழல் நாற்காலியில் அரைவட்டம் சுற்றிக் காட்டினார். "அப்புறம் பதில். கடுதாசிக்குப் பதில் போடறோம் இல்லையா, அது. அப்புறம் தடவை. ஒரு தடவை, ரெண்டு தடவை. தனியா நின்னா எதைன்னு சொல்றது? பக்கத்துல இன்னொரு எழுத்து இருந்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

"பக்கத்துல எதையும் எழுதலைங்க."

"ம்." அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். "நீங்க முஸ்லிமா?"

"ஆமாங்க."

"அப்ப இன்னொண்ணும் சொல்லணும். உங்க மார்க்கத்துக்காரங்களையும் எங்க பாஷையில இந்த எழுத்தை வச்சுத்தான் சொல்லுவோம். ஹுவெய் மார்க்கம்னா இஸ்லாம்."

சஃபியா நிமிர்ந்தாள். நேற்று மாலை நபீசா சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. 'மவுத்தாயிட்டா எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்க. எங்க மையத்தாங்கொல்லையில அவளுக்கு இடமில்ல. அவ கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வந்ததை யாரு கேட்டா?'

"டாக்டர், நீங்க சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதித் தரலாமே. எல்லா அர்த்தத்தையும் வரிசையா."

"எல்லாம் வேணாங்க. கடைசியா சொன்னது மட்டும் போதும்."

அவர் பேனா மூடியைக் கழற்றாமல் அவளைப் பார்த்தார். "அம்மா இருக்காங்கதானே?"

"இருக்காங்க."

"அவங்க கேக்குறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போக வந்தீங்கன்னு நெனைச்சேன்."

சஃபியா தாளின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டி, "டாக்டர் இருக்காரா?" என்றார்கள். அவர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினார். எழுத்து அழகாக, பள்ளிக்கூடத்துத் தமிழில் இருந்தது. 'இத்துடன் உள்ள சீன எழுத்துக்கு இஸ்லாமிய மார்க்கத்தவர் என்ற பொருளும் உண்டு.' கீழே கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப்.

"பொருளும்னு போட்டிருக்கேன். அதை எடுக்க முடியாது" என்றார்.

திரும்பும் பஸ் நாகூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள். கையில் ஒரு சீட்டு கிடைத்துவிட்டது என்பதே முதலில் பெரிதாக இருந்தது. பஸ் பட்டினச்சேரித் திருப்பத்தில் நின்று மீன்கூடைக்காரிகளை ஏற்றிக்கொண்டபோதுதான் மற்றது மெல்ல உள்ளே இறங்கியது. திரும்பணும். பன்னிரண்டு நாளாக உம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கே திரும்ப? எழுபத்தாறில் சைகோனைவிட்டு மூவரும் ஆளுக்கொரு பெட்டியோடு விமானம் ஏறியபோது உம்மா வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. தங்கை படகேறிப் போனவள் எங்கே கரை சேர்ந்தாள் என்று தெரியவில்லை. காரைக்காலில் வாப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த முதல் மனைவி நபீசாவும், மீசை முளைத்த மகன் கபீரும் இருந்தார்கள். உம்மாவுக்குப் பின்கட்டு அறை கிடைத்தது. அந்த வீட்டில் மரியம் என்ற உம்மாவின் பெயரை வாப்பா மட்டும்தான் சொன்னார். மற்றவர்களுக்கு அவள் சீனத்தி. வாப்பா இரண்டே வருஷத்தில் போய்விட்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.

போனதும் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வியட்நாமியத்தில், திரும்பலாம் உம்மா, உடம்பு தேறட்டும், டிக்கெட்டுக்கு எழுதிப் போடறேன் என்று சொல்லிவிட வேண்டும். பொய்தான். பிரெஞ்சுக் கடிதம் எழுதுகிறவள்தானே தான், நம்புவாள். அந்தத் தொண்டைச் சத்தமாவது நிற்கும்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன.

ஊதுபத்தி வாசனை நடைவரைக்கும் வந்திருந்தது. பின்கட்டு அறையில் உம்மாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கை மட்டும் பக்கவாட்டில், ஒரு விரல் நீண்டு, விறைத்திருந்தது.

"பத்து மணி இருக்கும்" என்றாள் நபீசா. கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவள். "நீ போனதுலேருந்து கையை ஆட்டிக்கிட்டே கெடந்தா. போர்வையில வரைஞ்சா, வரைஞ்சா, அப்படியே நின்னுபோச்சு. யாசீன் ஓதலாமான்னு பாத்தேன். அவளுக்கு ஓதலாமா கூடாதான்னு எனக்குத் தெரியலை. நீ வந்து சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

சஃபியா கட்டிலருகே உட்கார்ந்தாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. உம்மாவின் விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

கூடத்தில் ஆண்கள் குரல். கபீர் நானா பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத் நாட்டாண்மை அலாவுதீனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சஃபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சொல்றேன்னு வருத்தப்படாதீங்க" என்று கபீர் சொல்லிக்கொண்டிருந்தான். "நாளைக்கு ஜமாஅத்துல ஒரு பேச்சு வரக்கூடாது. நிக்காஹ் ஆனதுக்குத் தஃப்தர் பதிவு இல்ல. சைகோன்ல நடந்ததுன்னு வாப்பா சொன்னதுதான். இவங்க தொழுது நாங்க பாத்ததில்ல. வருஷா வருஷம் சீன வருஷப் பொறப்புக்கு ஆரஞ்சுப் பழம் வச்சுப் பத்தி கொளுத்துவாங்க. உம்மா கண்ணால பாத்திருக்காங்க."

"அப்ப எங்க வைக்கிறதுங்கறே?" என்றார் அலாவுதீன்.

"ஆத்தங்கரையில அனாதைப் பொணம் வைக்கிற இடம் இருக்குல்ல? நகராட்சியில சொன்னா ஆள் அனுப்புவாங்க."

அலாவுதீன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கேட்டார். "சஃபியாம்மா, அங்க இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"உம்மா கலிமா சொல்லி நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. வாப்பா தொழும்போது உம்மா பாயைத் தட்டி விரித்துக் கொடுப்பாள். நோன்பில் அவரோடு எழுந்து சோறு வைத்து, தானும் பட்டினி கிடப்பாள். வாயால் சொன்னதைக் கேட்டதில்லை.

"படுத்துக்கிட்டிருக்கப்ப எழுதிக் காட்டினாங்க மாமா. பன்னெண்டு நாளும் அதைத்தான் எழுதினாங்க. இன்னைக்கு நாகப்பட்டினம் போய் சீனா டாக்டர்கிட்ட அர்த்தம் கேட்டுட்டு வந்தேன்."

உம்மா எழுதிய தாளையும் மருந்துச் சீட்டையும் கதவிடுக்கில் நீட்டினாள். கபீர் வாங்கிப் படித்தான். முகம் சுருங்கியது. அலாவுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"இஸ்லாமிய மார்க்கத்தவர் என்ற பொருளும் உண்டு." நிறுத்தினார். "பொருளும்னு போட்டிருக்காரே. வேற என்ன பொருள் சொன்னாரு?"

சஃபியாவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நபீசா எழுந்து வந்து அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றாள்.

"தடவைன்னு ஒரு அர்த்தம் இருக்காம் மாமா. ஒரு தடவை, ரெண்டு தடவைங்கற மாதிரி. அது இங்க பொருந்தாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அல்லா மேல ஆணையா சொல்றியா?"

"அல்லா மேல ஆணையா."

அலாவுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாய் போனவங்க, அசையுற கையால தான் முஸ்லிம்னு எழுதிக் காட்டியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும் கபீரு? மனசுல உள்ளதை அவன் பாத்துக்குவான். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கிடலாம். நான் போய்ப் பலகையும் கஃபன் துணியும் அனுப்பறேன்."

"அவருக்குப் பக்கத்துல வேணாம்." நபீசாவின் குரல் உரக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. "அந்த இடம் எனக்கு. அதையும் அவளுக்குக் குடுக்கச் சொல்லாதீங்க."

"சுவரோரமா வைக்கலாம் நாச்சியார்" என்றார் அலாவுதீன்.

இரண்டு மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பலகை வந்தது. ஆறடி நீளம். தலைப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து, நடுவில் தண்ணீர் ஓட வாய்க்கால் போட்ட பலகை. பின்முற்றத்தில் வேட்டிகளைக் கட்டி மறைப்பு செய்தார்கள். ஊரில் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டுகிற ஜுலைகா வந்து, இலந்தை இலை போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

"ரெண்டு பேர் வேணும். ஒண்ணு நீ. இன்னொண்ணு?"

சஃபியா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடத்தோடு நின்றுவிட்டார்கள். நபீசா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"நான்தான் பிடிக்கணும். என் புருஷன் கட்டினவளா ஆயிட்டாளே. வேற யாரு பிடிப்பா?"

மூவருமாகத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள். நோயில் இளைத்திருந்தும் உம்மா கனத்தாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரு துணியை மூடி, அதன் அடியில் ஜுலைகா உடுப்பைக் கழற்றத் தொடங்கினாள். முன்பக்கம் பொத்தான் வைத்த, சைகோனில் தைத்த அதே மேல்சட்டைதான். பன்னிரண்டு நாளும் அதுதான். இடுப்புக்குக் கீழே சஃபியா ஒரு கையால் முழங்காலை உயர்த்தித் துணி மாற்றிவிடுவாள். மேலே தூக்கிச் சட்டையைக் கழற்ற இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. இன்னொரு ஆளைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஈரத் துணியால் முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, பொத்தானைப் போட்டுவிடுவாள்.

"வர மாட்டேங்குதே" என்றாள் ஜுலைகா. "முதுகோட ஒட்டிப் பிடிச்சிருக்கு. இடது பக்கமா சாச்சுப் பிடிங்க, பாப்போம்."

நபீசா தோளைப் பிடித்தாள். சஃபியா இடுப்பைப் பிடித்தாள். உம்மாவைத் திருப்பினார்கள்.

வாசனை முதலில் வந்தது. டெட்டாலுக்கும் ஊதுபத்திக்கும் அடியில் எத்தனையோ நாளாக அந்த அறையில் இருந்த வாசனைதான். நோயின் வாசனை என்று சஃபியா நினைத்திருந்தாள். சட்டையின் முதுகுப் பக்கம் பழுப்பும் மஞ்சளுமாக இறுகி அட்டை போலிருந்தது. ஜுலைகா வெந்நீரை மெதுவாக ஊற்றி ஊற்றி ஊற வைத்து உரித்தாள். இரண்டு தோள்பட்டை எலும்புகளின் மேலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. ஒரு பக்கம் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பின்னந்தலையில் கொண்டை அழுந்திய இடத்தில் முடி கற்றையாகக் கையோடு வந்தது.

ஜுலைகாவின் செம்பு நின்றது.

"எத்தனை நாளா மல்லாக்கக் கெடந்தாங்க?"

"பன்னெண்டு நாள்."

"ஒரு நாளும் திருப்பிப் போடலையா?"

"டாக்டர் அசைக்கக் கூடாதுன்னாரு" என்றாள் சஃபியா.

"அன்னைக்கு ராத்திரிக்குத்தானே சொன்னாரு?" என்றாள் நபீசா.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. சஃபியா உம்மாவின் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தாள். அவளுடைய வலது கை தானாகத் தன் புறங்கழுத்துக்குப் போய், முதுகில் எட்டும் தூரம்வரை இறங்கி, அங்கேயே நின்றது.

"பிடி புள்ள, சரியுது" என்றாள் ஜுலைகா.

அவள் பிடித்துக்கொண்டாள். ஜுலைகா புண்களின் மேல் கை படாமல், தண்ணீரை மட்டும் ஓடவிட்டாள். நபீசா பஞ்சு கேட்டு வாங்கி, கற்பூரத்தில் தோய்த்து, இரண்டு தோள்களிலும் அழுத்தாமல் வைத்தாள். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தெனம் ரெண்டு வேளை இந்த ரூமைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போனேன்" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு, வழக்கமான குரலில், "அந்தப் பக்கம் திருப்பு. அந்தப் பக்கமும் கழுவணும்."

வலது பக்கம் திருப்பினார்கள். கழுவினார்கள். மூன்று முறை ஊற்ற வேண்டிய இடத்தில் ஜுலைகா ஐந்து முறை ஊற்றினாள். தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னும்போது மட்டும் சஃபியாவிடம் கொடுத்தாள். அவள் பின்னினாள். கஃபன் துணியைச் சுற்றி மூன்று இடத்தில் முடிச்சுப் போட்ட பிறகு உம்மாவின் உடம்பில் பார்ப்பதற்கு முகம் மட்டும் மிஞ்சியது. அதையும் மூடுவதற்கு முன் ஜுலைகா, "பாத்துக்க" என்றாள். சஃபியா பார்த்தாள்.

அஸர் தொழுகை முடிந்து சந்தூக்குப் பெட்டி வந்தது. ஆண்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கபீரும் முன்பக்கம் ஒரு தோள் கொடுத்தான். பெண்கள் வாசல்வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "பொறுமையா இரு" என்று சஃபியாவின் தலையைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள். யாரோ வீட்டிலிருந்து சோறும் ஆணமும் தூக்குச் சட்டியில் வந்து நடையில் இருந்தது.

சஃபியா பின்முற்றத்துக்குப் போனாள். ஜுலைகா போகும்போது மறைப்பை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். பலகை அப்படியே கிடந்தது. சாக்கடை வாயில் இலந்தை இலைகளும் கொஞ்சம் முடியும் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியிருந்தது. குனிந்து கையால் அள்ளிப் போட்டாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பிறகு தென்னம் விளக்குமாற்றையும் சீயக்காயையும் எடுத்துக்கொண்டு பலகையைத் தேய்த்தாள். வாய்க்காலில், ஓரத்தில், அடியில். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

"போதும்" என்றாள் நபீசா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "பள்ளிவாசல் மோதினார் எடுத்துக்கிட்டுப் போக வருவாரு. வாசல்ல சாத்தி வச்சாத்தான் காயும்."

பலகை ஒருவர் தூக்கக் கூடியதில்லை. ஒரு முனையைச் சஃபியா பிடித்தாள். மறுமுனையை நபீசா பிடித்தாள். நபீசா பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாகக் காலால் துழாவி வைத்து நடந்தாள். பின்கட்டு அறையைத் தாண்டும்போது உள்ளே கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நடையில் நபீசா நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். பலகையை இறக்காமலே கேட்டாள்.

"அந்தப் பல் டாக்டரு வேற என்ன சொன்னாரு புள்ள?"

பலகையின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாகச் சஃபியாவின் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நிலை இடிக்கும் பெரியம்மா" என்றாள். "பாத்து வாங்க."

நபீசா தலையைக் குனிந்துகொண்டு நிலையைத் தாண்டினாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மேற்குச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது. பலகையை நிமிர்த்திச் சாத்தினார்கள். விழுந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் ஆளுக்கொரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஓரங்கள் அப்போதே வெளுத்துக் காயத் தொடங்கியிருந்தன. நடுவில் இன்னும் ஈரம் இருந்தது.